முனகல் நின்ற துப்பாக்கி

— இது சேராது, குட்டி.

— ஏன் அண்ணி? நல்லாத்தானே இருக்கு.

— பார்க்க அழகாத்தான் இருக்கு. உள்ள விட்டா லொடலொடன்னு ஆடுது. இந்தா, நீயே விட்டுப் பாரு. இந்தத் துப்பாக்கிக் குழாய்க்குள்ள பிஸ்டன் ஓடும்போது காத்து ஒரு சொட்டுக்கூட ஒழுகக் கூடாது. நீ வெட்டின வாஷரைச் சுத்தி ஒரு லாரியே போகும்.

— எண்ணெயில ஊறினா தோல் உப்பும்னு நினைச்சேன்.

— ஊறிட்டுத்தானே வந்திருக்கு. கையெல்லாம் எண்ணெய். நீ தைக்கிற தோல் பைக்கு ஜிப்பே வேணாம், வாய் தானா மூடிக்கும்னு கடைக்காரங்க சொல்றாங்க. அந்தக் கை ஒரு வாஷரை இவ்வளவு சின்னதா வெட்டுமா?

— கண்ணு முன்ன மாதிரி இல்ல அண்ணி.

— போன வாரம் என் கண்ணாடிக்கு உறை தைச்சுக் கொடுத்தியே, அப்போ நல்லா இருந்துச்சா கண்ணு?

— அது வேற, இது வேற. துப்பாக்கிக்கெல்லாம் நான் எங்க தைச்சேன்... சரி விடுங்க. இன்னைக்குச் சரிப்படாது போல. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.

— இன்னொரு நாளா? உள்ள எட்டிப் பாரு. உங்க அண்ணன் காலையிலேர்ந்து சட்டை மாத்தி உட்கார்ந்திருக்கார்.

— சட்டையா? அவரா?

— அவரே. பட்டனும் அவரே போட்டார். மேல் பட்டன் கீழ் ஓட்டையில மாட்டியிருக்கு. நான் வாயைத் திறக்கல.

— அய்யோ.

— பயிற்சி கொடுக்க வர்ற பொண்ணு, 'இந்த ரப்பர் பந்தை அமுக்குங்க சார், அமுக்கினாத்தான் கை திரும்ப வரும்'னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினா. மனுஷன் அசையல. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பின நாள் முதலா சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். நான் பரணைக் குடைஞ்சு இந்த ஏர்கன்னை இறக்கி, துருவோட அவர் மடியில வெச்சேன். 'நான் இதைச் சரி பண்ணித் தர்றேன். ட்ரிக்கரை அழுத்த உங்க விரல் வேணும். வருமா வராதா?'ன்னு கேட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே பந்து கையில இருந்துச்சு.

— போன்ல நீங்க சொன்னப்போ அழுதுட்டேன்.

— அழுதுட்டு, வந்து லொடலொட வாஷர் வெட்டிக் கொடுக்கிறே.

— அண்ணி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

— சொல்லு.

— தவறிட்டா?

— எது?

— குறிதான். இன்னைக்கு அண்ணன் சுட்டு, பலூன் அப்படியே ஆடிக்கிட்டு நின்னுச்சுன்னா... திரும்பவும் சுவர் பக்கம் போயிடுவார். அப்புறம் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

— உங்க அண்ணன் குறி தவறுமா? வாழ்நாள்ல ஒரு பலூன் தவறவிடாத ஆளாச்சே. என் கல்யாணத்துல மைக்கைப் பிடுங்கிச் சொன்னது யாரு?

— ...நான்தான்.

— அப்புறம் என்ன? கை பாதிதான் போயிருக்கு. கண்ணு முழுசா இருக்கு.

— ம்.

— அந்தச் சின்ன டப்பாவை எடு. ஊசி டப்பா இல்ல, பக்கத்துல.

— இது என்ன? வாஷர் மாதிரி இருக்கு.

— வாஷரேதான். நீ போன தடவை விட்டுட்டுப் போன தோல் துண்டுல நானே வெட்டினேன். ஒரு பாட்டில் மூடிமேல வெச்சு அமுக்கி, கிண்ணம் மாதிரி வளைச்சு, எண்ணெயில போட்டு வெச்சேன். உன் கை அழகு வராது. ஆனா பிடிச்சு நிக்கும்.

— முன்னாடியே வெட்டி வெச்சுட்டா என்னை எதுக்கு வெட்டச் சொன்னீங்க?

— நீ நல்லா வெட்டுவேன்னு ஒரு நம்பிக்கை. வெட்ட மாட்டேன்னு ஒரு சந்தேகம். ரெண்டுக்கும் சேர்த்து ஏற்பாடு.

— என்ன சந்தேகம்?

— ஒண்ணும் இல்ல. இந்தக் குழாயைப் பிடி. அசைக்காதே.

— பிடிச்சுட்டேன்.

— இப்போ அந்த முனையில ஒரு சின்ன ஓட்டை இருக்கு பாரு, காத்து வர்ற ஓட்டை. கட்டை விரலால அடை. நான் பிஸ்டனைத் தள்றேன்.

— ஆ... அண்ணி, விரலைத் தள்ளுது.

— விடாதே. இப்போ நான் கையை எடுக்கிறேன். என்ன ஆகுது?

— பிஸ்டன் தானா திரும்பி வருது.

— அதுதான். காத்து ஒழுகல. ஒழுகாத காத்து எதிர்த்து நிக்கும்.

— பந்து மாதிரி குதிக்குது. இதை நீங்க எங்க கத்துக்கிட்டீங்க? உங்களுக்குத் தையல் மெஷின்தானே தெரியும்?

— தையல் மெஷின் தெரிஞ்சவளுக்கு இது என்ன பெரிய விஷயம். ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தள்ளுது. எங்கே தேயும், எங்கே தளரும்னு பார்த்தா போதும். இது பாவம், ரொம்ப நல்ல துப்பாக்கி. எவனோ பொறுமையா உட்கார்ந்து செஞ்சிருக்கான். இந்த மூட்டைப் பாரு. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நகம் நுழையாது.

— துருவெல்லாம் போய் கருகருன்னு மின்னுது. இது பொருட்காட்சியில எங்க பலூன் கடையில இருந்த துப்பாக்கின்னு சத்தியம் பண்ணாத்தான் நம்புவாங்க. ஆனா கட்டையில இந்த இடத்தை மட்டும் ஏன் தேய்க்காம விட்டீங்க? திட்டா தெரியுதே.

— அது அவர் கன்னம் வைக்கிற இடம். அதைத் தேய்ச்சா அப்புறம் வேற யாரோ துப்பாக்கி ஆயிடும்.

— ...அண்ணி, உங்களைக் கட்டிக்க எங்க அண்ணன் கொடுத்து வெச்சிருக்கணும்.

— அதை அவர்கிட்ட சொல்லு. அந்த ஸ்பிரிங்கை எடு. ரெண்டு கையால எடு.

— இதுதானே அன்னைக்கு நீங்க கழட்டும்போது பாய்ஞ்சு கடிகாரத்தை உடைச்சது?

— அது பழைய ஸ்பிரிங். வயசான காலத்துலயும் என்ன ஒரு கோபம் பாரு அதுக்கு. இப்போ நடுவுல வளைஞ்சு, களைச்சுப் போச்சு. அதான் மாத்திட்டேன். இது புதுசு. உள்ள ஒரு கம்பி கொடுத்து, சுத்தி கெட்டி கிரீஸ் அப்பியிருக்கேன். அமுக்கு. இன்னும். உடம்பு பூரா போட்டு அமுக்கு. பின்னைச் சொருகிட்டேன்... விடு.

— உயிர் போயிடுச்சு.

— அடுத்து ட்ரிக்கர். உன் சுண்டு விரலால அழுத்து.

— சுண்டு விரலாலயா?

— அழுத்தேன்.

— அட. தொட்டாலே போகுது. முன்னாடி கல்லு மாதிரி இருக்குமே.

— மெஷின்ல நூலை இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். அதை வெட்டிப் போட்டேன். அவர் விரல்ல இப்போ இருக்கிற பலத்துக்கு அதுதான் தாங்கும். அதுக்காக ரொம்ப லேசா விட்டா தும்மினாலே வெடிச்சுடும். நாலு தடவை கழட்டி மாட்டினேன்.

— எவ்வளவு யோசிச்சிருக்கீங்க...

— நகரு. ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன். அந்தச் சோப்புக் கட்டியை மரப்பெட்டிக்குள்ள வை. வெச்சுட்டு என் பின்னாடி வந்து நில்லு.

— வெச்சுட்டேன். குண்டு போடலியா?

— போடாம சுடுவாங்களா? வெறுமனே சுட்டா பிஸ்டன் போய் முட்டி வாஷர் கிழிஞ்சுடும். அந்த டப்பாவுல ஒண்ணு கொடு. ம்... சுடறேன்.

— ...

— என்ன, கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறே?

— சுட்டுட்டீங்களா?

— சோப்பைப் பாரு, ஓட்டை. காதுல விழலியா?

— 'டக்'னு ஒரு சத்தம் வந்துச்சு. அது மட்டும்தானா?

— வேற என்ன வேணும் உனக்கு, மேளமா?

— முனகல் எங்க அண்ணி?

— என்ன முனகல்?

— அது சுடறதுக்கு முன்னாடி ஒரு முனகு முனகும். 'ஞொய்ங்'னு. அப்புறம்தான் 'டப்'. நடுவுல கண்ணு சிமிட்டுற நேரம் இருக்கும்.

— அது ஸ்பிரிங் வளைஞ்சு குழாயில உரசின சத்தம். இப்போ உரசல. அதான் முனகல் இல்ல. எண்ணெய் போட்ட கதவு மாதிரி.

— அந்த முனகலைத் திரும்பக் கொண்டு வர முடியாதா?

— ஏண்டி, வியாதியைச் சரி பண்ணினா வியாதி எங்கன்னு கேட்பியா?

— இல்ல... அது இருந்தாத்தான் நம்ம துப்பாக்கி மாதிரி இருக்கும். இன்னொரு தடவை சுடுங்களேன்.

— இந்தா.

— ...இன்னும் ஒரே ஒரு தடவை.

— போதும். என்னடி இது, பாட்டுக் கச்சேரி கேட்கிற மாதிரி கண்ணை மூடி, தலையைச் சாய்ச்சு... துப்பாக்கி சுட்டா எல்லாரும் எதிர்ல பார்ப்பாங்க. நீ ஒருத்திதான் காதால பார்க்கிறே.

— சின்ன வயசுப் பழக்கம்.

— எல்லாத்துக்கும் ஒரு பழக்கம் வெச்சிருக்கே. சரி, இனிமேதான் முக்கியமான வேலை. குறி பார்க்கிற பட்டை.

— அதுவும் மாத்திட்டீங்களா?

— பழசு வளைஞ்சிருந்துச்சே. துருப்பிடிச்சு வளைஞ்சது இல்ல. இடுக்கியால பிடிச்சு வளைச்ச தடம் தெரியுது.

— அப்பா வேலை. பொருட்காட்சியில பலூன் கடை வெச்சா எல்லாரும் செய்யறதுதான். வர்றவன் நேரா பார்த்துச் சுடுவான், குண்டு தள்ளிப் போகும். 'இன்னொரு தடவை சுடறேன்'பான். ஒரு துப்பாக்கியை மட்டும் நேரா வெச்சுக்கணும், கடைக்காரன் சுட்டுக் காட்டறதுக்கு. அப்பா ஒரே மூச்சுல எல்லாத்தையும் வளைச்சுத் தள்ளிட்டு, 'நேரா இருக்கிறது எதுடா?'ன்னு தேடினார்.

— எது?

— எதுவும் இல்ல. வேகத்துல அதையும் வளைச்சுட்டார். அதைத்தான் அண்ணன் கையில கொடுத்து சுடச் சொன்னார்.

— நல்ல அப்பா. அப்படியும் உங்க அண்ணன் தவறவிடல, இல்ல?

— ...ம்.

— வளைஞ்ச பட்டையை வெச்சுக்கிட்டு, வரிசையா பத்து பலூன். எதிர்க் கடையிலேர்ந்து நான் பார்த்திருக்கேனே. நான் தையல் மெஷின் ஓட்டிக் காட்டிக்கிட்டு இருப்பேன், கூட்டம் பூரா உங்க கடைப் பக்கம் ஓடும்.

— ஆமா. உங்க முதலாளி எங்க அப்பாகிட்ட சண்டைக்கு வந்தாரே.

— எப்படி அடிக்கிறீங்கன்னு உங்க அண்ணன்கிட்ட நேத்து கேட்டேன். 'பலூனைப் பார்க்கக் கூடாது. அதுக்கு வலப்பக்கம், ரெண்டு விரல் கீழ பார்க்கணும். அதுதான் சூட்சுமம்'னார். எத்தனை வருஷம் ஆச்சு, ஒரு நொடி கூட யோசிக்கல.

— ரெண்டு விரல் கீழ... இன்னும் ஞாபகம் வெச்சிருக்காரா.

— அப்போ நான் புதுப் பட்டையை நேரா வெச்சா என்ன ஆகும்?

— அவர் பழக்கத்துல ரெண்டு விரல் தள்ளிப் பார்ப்பார்... குண்டும் ரெண்டு விரல் தள்ளிப் போயிடும்.

— அதான் நேரா வைக்கல. அவர் வலப்பக்கம் கீழ பார்த்தா குண்டு பலூன் நடுவுல போய் நிக்கிற மாதிரி, பட்டையைத் திருகித் திருகி வெச்சேன். அவர் சுடப்போற அதே மேசை, அதே தலகாணி, அதே தூரம். முதல்ல வைஸ்ல, அந்த இரும்புப் பிடியில, இறுக்கி வெச்சுப் பார்த்தேன். வைஸ்ல ஒரு மாதிரி அடிக்குது, தலகாணி மேல வேற மாதிரி அடிக்குது. திரும்ப முதல்லேர்ந்து. வீட்டுல சோப்பே தீர்ந்துபோச்சு.

— உலகத்துல எல்லாரும் துப்பாக்கியைச் சரி பண்ணுவாங்க. நீங்க அண்ணனோட தப்புக்கு ஏத்த மாதிரி துப்பாக்கியைச் சரி பண்ணியிருக்கீங்க.

— தப்பா? பத்துக்குப் பத்து அடிச்சவருக்கு அது எப்படித் தப்பாகும்?

— அது... சும்மா, வாய் தவறி வந்துடுச்சு.

— வெயில் தாழ்ந்துடுச்சு. வா, பின்பக்கம் போய் பலகையை நிறுத்துவோம்.

— பலகையா? எந்தப் பலகை?

— உங்க அப்பா கடையில பலூன் கட்டின பலகைதான். துப்பாக்கியோட பரண்லயே கிடந்துச்சு. துடைச்சு வெச்சிருக்கேன்.

— அது இன்னும் இருக்கா?

— பின்னாடி கெட்டித் தகரம் அடிச்சு, கல்லு மாதிரி இருக்கு. ஆனா கீழ் ஓரத்துல வரிசையா சின்னச் சின்ன ஓட்டை. தகரத்தோட சேர்த்துப் போட்டிருக்கு. எலி கடிச்சிருக்குமோ?

— தகரத்தை எலி கடிக்குமா அண்ணி... பலூன் கட்ட ஆணி அடிச்ச ஓட்டையா இருக்கும்.

— ஆணி மேல இல்ல இருக்கு? சரி, உனக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் தூக்கு.

— இங்க சாய்ச்சா காத்துக்கு ஆடும். நான் வேணா பின்னாடி உட்கார்ந்து பிடிச்சுக்கிறேன்.

— பிடிச்சுக்கிறியா? முன்னாடி வந்து உங்க அண்ணன் சுடறதைப் பார்க்க வேணாமா?

— பலகை ஆடினா பலூன் ஆடும். அப்புறம் அவரால எப்படி முடியும்?

— அதுவும் சரிதான். தலையைத் தூக்காம, தகரத்துக்குப் பின்னாடியே குனிஞ்சு உட்காரு. நான் போய் அவரைக் கூட்டிட்டு வர்றேன்.

*

— மெதுவா... மெதுவா. தோளைப் பிடிச்சுக்குங்க.

— வேணாம். நானே... வர்றேன்.

— சரி, வாங்க. இதுதான் மேசை. நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கேன். உட்காருங்க.

— எங்க... குட்டி?

— இங்க இருக்கேன் அண்ணா. பலகையைப் பிடிச்சுக்கிட்டு.

— பாரு... அன்னைக்கும் இப்படித்தான். நான் துப்பாக்கியைத் தூக்கினா... இவளைக் காணாது. ஊரே பார்த்துச்சு. இவ ஒருத்திதான்... நான் சுடறதைப் பார்த்ததே இல்ல. பயந்தாங்கொள்ளி.

— ஆமா அண்ணா. சத்தம்னா எனக்குப் பயம்.

— இது என்ன... மஞ்சளா?

— மஞ்சள்தான். உங்களுக்குப் பிடிக்குமேன்னு ஊதினேன்.

— எனக்கா? உனக்குத்தான்... பிடிக்கும். கொடு. குழலை மடக்கி... குண்டு போட்டுட்டியா?

— போட்டுட்டேன். உங்க கண்ணு முன்னாடியே போட்டேன். பார்த்தீங்கல்ல?

— பார்த்தேன்... அடேயப்பா. என்ன பண்ணி வெச்சிருக்கே இதை. இது நம்மளோடதா?

— கன்னத்தை வெச்சுப் பாருங்க.

— ...ஆமா. நம்மளோடதுதான்.

— இடது கை கீழ. தலகாணி தாங்கும், நீங்க தூக்க வேணாம். விரலை அவசரப்படாம...

— எனக்கே... சொல்லித் தர்றியா?

— இல்ல சாமி, நான் வாயை மூடிக்கிறேன்.

— வலப்பக்கம்... ரெண்டு விரல்... கீழ.

— ...

— அட... விழுந்துடுச்சு. பார்த்தியா?

— பார்த்தேன்.

— இவளே... நிஜமாவே பார்த்தியா நீ?

— பார்த்தேங்க. ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.

— குட்டி, எங்க... செத்துட்டியா உள்ள?

— இருக்கேன் அண்ணா... இருக்கேன்.

— அழறாளா அவ? சத்தத்துக்கா? ... இன்னொண்ணு கட்டு. சிவப்பு கட்டு.

— இன்னைக்கு ஒண்ணுதான். நாளைக்குப் பந்தை ஒழுங்கா அமுக்கினா நாளைக்கு ரெண்டு.

— பந்து கிடக்குது... பந்து. அந்தப் பொண்ணு எப்போ வருவா?

— காலையில வருவா.

— வரட்டும். அவகிட்ட... நான் சொல்லிக்கிறேன். விடு, நானே போறேன். பிடிக்காதே.

*

— படியேறிட்டாரா அண்ணி?

— ஏறிட்டார். கைப்பிடியைத் தொடவே இல்ல. நீ வெளிய வா. இன்னும் என்ன அங்க குனிஞ்சுக்கிட்டு.

— கால் மரத்துப் போச்சு.

— கையைக் கொடு... அந்தக் கையை இல்ல. ஊசி இருக்கிற கையை.

— என்ன ஊசி?

— முதுகுக்குப் பின்னாடி மறைக்கிறியே, அந்தக் கோணி ஊசி. என் டப்பாவுலேர்ந்து எடுத்ததுதானே. கீழ போட்டுட்டு நாளைக்கு அவர் மிதிச்சு வைக்கப் போறார்.

— ...அண்ணி.

— ம்.

— எப்போலேர்ந்து தெரியும்?

— பொருட்காட்சியிலயே தெரியும். ஒரு நாள் உங்க அண்ணன் குண்டு போட மறந்துட்டார். எதிர்ல உட்கார்ந்து மெஷின் ஓட்டிக்கிட்டிருந்த எனக்கு நல்லாத் தெரியுது, குண்டு மேசை மேலயே கிடக்கு. அவர் பாட்டுக்குக் குறி பார்த்தார், சுட்டார். மஞ்சள் பலூன் வெடிச்சுது. கூட்டம் கை தட்டுது. நான் நேரா எழுந்து வந்து, யாரும் பார்க்கிறதுக்குள்ள அந்தக் குண்டை எடுத்து டப்பாவுல போட்டுட்டுப் போனேன்.

— அன்னைக்கு எங்க கடைக்கு வந்த அந்தப் பொண்ணு... நீங்கதானா? 'குண்டு எப்படி இருக்கும்னு பார்க்க வந்தேன்'னு அப்பாகிட்ட சொன்னீங்களே.

— நீ பின்னாடி இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கே.

— அப்பாதான் ஊசியைக் கொடுத்தார். முதல் நாள் அண்ணன் சுட்டு ஒண்ணு கூட விழல. கூட்டம் சிரிச்சுது. அண்ணன் துப்பாக்கியைப் போட்டுட்டுப் போய் மூட்டைக்குப் பின்னாடி உட்கார்ந்துட்டார், சாப்பிடவும் வரல. எனக்கு மனசு கேட்கல. மறுநாளிலேர்ந்து பலகை ஓட்டை வழியா நானே ஊசியால... அண்ணனுக்கு இன்னும் தெரியாது. தானா அடிச்சதாத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கார்.

— தெரியும். தெரியாமலே இருக்கட்டும்.

— எல்லாம் தெரிஞ்சுமா அவரைக் கட்டிக்கிட்டீங்க?

— தெரிஞ்சுதான். பலூன் வெடிச்சதும் அவர் திரும்பினார் பாரு, அந்த முகம்... முதல் தடவையா மழையைப் பார்க்கிற குழந்தை மாதிரி. கர்வமே இல்ல. 'அட, விழுந்துடுச்சே'ன்னு ஒரு சந்தோஷம். ஒரு பலூனுக்கு இவ்வளவு சந்தோஷப்படுற மனுஷனோட காலத்தை ஓட்டிடலாம்னு தோணிச்சு. அந்த முகத்தை ஊரே பார்த்துச்சு. அத்தனை வருஷமும் ஊசியைப் பிடிச்சுக்கிட்டு இருந்த நீதான் ஒரு தடவை கூடப் பார்க்கல. அதை நினைச்சா எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும், குட்டி.

— அப்போ இந்த வாஷர், ஸ்பிரிங், பட்டை... இதெல்லாம்?

— ஒரு தடவையாவது அவரே அடிக்கட்டும்னுதான். ஆனா நேரம் நெருங்க நெருங்க எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான் போட்ட பார்ட் மேல நம்பிக்கை இருக்கு, அந்த நடுங்குற விரல்மேல எப்படி வைக்கிறது? அதான் பலகையைத் துடைச்சு வெச்சேன். ஊசி டப்பாவை உன் கண்ணுல படற மாதிரி வெச்சேன். நல்லவேளை நீ இருந்தே. இத்தனை வருஷம் கழிச்சும் உன் கை ஒரு நூல் கூடத் தப்பல.

— அண்ணி, நான் குத்தல.

— என்னது?

— நான் முனகலுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். அது வந்தாத்தான் என் கை போகும், அதுதான் பழக்கம். இன்னைக்கு முனகலே வரல. 'டக்'னு ஒரு சத்தம். ஊசியை ஓட்டையில நீட்டினேன், அந்தப் பக்கம் குத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஊசியை எடுத்துட்டுக் கண்ணை வெச்சுப் பார்த்தேன். பலூன் இருந்த இடத்துல அண்ணன் முகம் தெரிஞ்சுது... நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு, அண்ணி.